காலையில் வீங்கும் கண், தே ஓ நிறத்தில் சிறுநீர்: ஏழு வயதுப் பையன் ஒருவனின் நிகழ்வு ஆய்வு

மலேசியாவின் பேராக் மாநிலத்தின் தென்பகுதியில், தோட்டங்களை நம்பி உருவான ஒரு சிறு பட்டணத்தின் அரசாங்க கிளினிக்கில் தாதியாக வேலை செய்கிறேன். இது எங்கள் கிளினிக்குக்கு வந்த ஒரு பையனைப் பற்றிய பதிவு. குடும்பத்தின் சம்மதத்தோடு எழுதுகிறேன். பெயர்களையும், ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களையும் விட்டுவிட்டேன்.

பின்னணி

எங்கள் பட்டணத்தைச் சுற்றி இப்போது செம்பனைதான். முன்பு ரப்பர் இருந்தது, தோட்டத்துக்கென்று ஆஸ்பத்திரியும், டிரஸர் என்ற மருத்துவ உதவியாளரும் இருந்தார்கள். நம் மக்கள் பலர் லயங்களை, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளை, விட்டுப் பட்டணத்து மலிவு விலை வீடுகளுக்கு வந்துவிட்டார்கள். இந்தக் குடும்பம் இன்னும் லயத்தில்தான் இருக்கிறது. அப்பா குலை வெட்டுகிறார். அம்மா கையுறைத் தொழிற்சாலையில் ஷிப்ட் வேலை பார்க்கிறார். விடியுமுன் கம்பெனி பஸ் ஏறினால் இரவுதான் வீடு திரும்புவார். தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு படிக்கும் மகனையும் நான்கு வயது மகளையும் பார்த்துக்கொள்வது அப்பாவின் அம்மா. அவருக்குச் சர்க்கரையும் பிரஷரும் இருப்பதால் எங்கள் கிளினிக்கில் தவறாமல் மருந்து எடுப்பவர்.

பையனுக்கு அதுவரை பெரிய நோய் எதுவும் வந்ததில்லை. பிறந்தபோது எடுத்த ஜி6பிடி பரிசோதனை (சிவப்பணுக்கள் எளிதில் உடையும் பிறவிக் குறைபாட்டுக்கானது) சரியாக இருந்ததாக அவன் சுகாதாரப் புத்தகத்தில் பதிவாகியிருந்தது. இந்த விவரம் பிறகு உதவியது.

தைப்பூசத்துக்கு முந்திய நாட்களில் அவனுடைய இரண்டு முழங்கால்களுக்குக் கீழேயும் புண்கள் வந்திருந்தன. சிரங்கு அரிப்பில் சொறிந்து, சீழ் கட்டி, தேன் நிறத்தில் பொருக்கு தட்டிய புண்கள். பாட்டி வேப்பிலையும் மஞ்சளும் அரைத்துப் பூசினார். அப்பா மருந்துக் கடையில் ஒரு களிம்பு வாங்கி வந்தார். கொஞ்ச நாளில் புண் காய்ந்து, கருத்த தழும்பு மட்டும் நின்றது. அதோடு அந்த விஷயத்தை எல்லோரும் மறந்துவிட்டார்கள். தோட்டத்துப் பிள்ளைகளின் காலில் புண் வருவதும் ஆறுவதும் யாருக்கும் புதிதில்லை.

வீட்டில் கண்டதும் கொடுத்ததும்

தைப்பூசம் கழிந்து மூன்று வாரம் இருக்கும், ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பையன் எழுந்தபோது இரண்டு கண் இமைகளும் உப்பியிருந்தன. பூச்சி கடித்திருக்கும் என்றார் அப்பா. இரவெல்லாம் கைப்பேசியில் விளையாடியதால் வந்தது என்றார் அம்மா. மதியத்துக்குள் வீக்கம் வடிந்துவிட்டது, யாரும் கவலைப்படவில்லை. மறுநாளும் அப்படியே. காலையில் வீக்கம், மாலையில் பரவாயில்லை.

செவ்வாய்க்கிழமை பட்டணத்துத் தனியார் கிளினிக் ஒன்றுக்குக் கூட்டிப் போனார்கள். அலர்ஜி என்று சொல்லி மருந்து கொடுத்தார்கள். குழந்தையின் கண் வீங்கினால் முதலில் அலர்ஜி நினைவுக்கு வருவது இயல்பு, அதைக் குறை சொல்வதற்கில்லை. ஆனால் அலர்ஜி என்றால் பெரும்பாலும் கண் அரிக்கும், சிவக்கும், தடிப்பு தெரியும். இவனுக்கு அரிப்பும் இல்லை, சிவப்பும் இல்லை. படுத்து எழும்போது முகத்தில் நிற்கும் நீர், நடமாடினால் காலுக்கு இறங்கும். ஒவ்வொரு நாளும் காலையில் கூடி மாலையில் குறையும் வீக்கம் என்றால் சிறுநீரைப் பார்த்துவிட வேண்டும்.

சிறுநீரின் நிறம் மாறியதை முதலில் சொன்னது தங்கைதான். "பாட்டி, அண்ணன் தே ஓ மாதிரி ஒண்ணுக்குப் போறான்." தே ஓ என்பது பால் சேர்க்காத தேநீர். ஏழு வயதுப் பையன் தானாகக் கழிப்பறைக்குப் போய் வருகிறான், கதவைச் சாத்திக்கொள்கிறான், தண்ணீர் ஊற்றிவிடுகிறான். பெரியவர்கள் யாரும் அதைப் பார்ப்பதில்லை. அவனுக்கு வலியோ எரிச்சலோ இல்லாததால் அவனாகவும் சொல்லவில்லை.

தங்கை சொன்னதைக் கேட்டுப் பாட்டி, உடம்புச் சூடு என்று முடிவு செய்தார். சூட்டுக்கு நம் வீடுகளில் என்ன செய்வோமோ அதையே செய்தார். பார்லி தண்ணீர் காய்ச்சிப் பெரிய ஜக்கில் ஊற்றி வைத்தார், இளநீர் வாங்கிக் கொடுத்தார், நிறையக் குடிக்கச் சொல்லி அதட்டினார். டெங்கிக் காலத்தில் நாங்களே எத்தனையோ முறை "தண்ணி நிறையக் குடிங்க" என்று சொல்லியிருக்கிறோம், அதுவும் அவர் மனதில் இருந்தது. பையன் குடிக்கக் குடிக்கச் சிறுநீர் குறைந்துகொண்டே வந்தது. பள்ளிக்கூடக் கால்சட்டையின் பட்டன் போட முடியவில்லை. பக்கத்து வீட்டு அம்மா பார்த்துவிட்டு, "பையன் நல்லா சதை போட்டுட்டான்" என்று சந்தோஷப்பட்டாராம்.

வியாழன் இரவு தலைவலி. வெள்ளி காலை ஒரு முறை வாந்தி. பள்ளிக்கு அனுப்பவில்லை. அன்று பாட்டிக்குக் கிளினிக்கில் மருந்து எடுக்கும் நாள். வீட்டில் தனியாக விட முடியாதே என்று பையனையும் கூடவே அழைத்து வந்தார். அவனைக் காட்டுவதற்காக வரவில்லை.

கிளினிக்கில் அந்தக் காலை

பாட்டிக்குப் பிரஷர் பார்த்துக்கொண்டிருந்தேன். பையன் அவர் தோளில் சாய்ந்து, வெளிச்சத்துக்குக் கண்ணை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தான். முகம் உருண்டையாக இருந்தது. ஆனால் கையும் கழுத்தும் ஒல்லி. சதை போட்ட பிள்ளைக்கு முகம் மட்டும் பருக்காது. "பையன் முகம் எப்பவுமே இப்படித்தானா பாட்டி?" என்று கேட்டேன். "சூடு மிஸி, ரெண்டு நாளா தலவலிக்குது" என்றார். கைப்பேசியில் பழைய படம் ஏதாவது இருக்கிறதா என்று கேட்டேன். தைப்பூசத்தன்று கோவில் வாசலில் எடுத்த படம் ஒன்றைக் காட்டினார். அதில் அவன் கன்ன எலும்பு தெரிந்தது, இமைகளின் மடிப்பு தெளிவாக இருந்தது. எதிரே உட்கார்ந்திருந்தவனுக்கு அந்த மடிப்பே இல்லை. படத்தில் அவன் காலில் ஒட்டியிருந்த பிளாஸ்திரியும் தெரிந்தது. புண்களைப் பற்றிய பேச்சு அப்படித்தான் வந்தது.

முழங்காலுக்குக் கீழே முன்எலும்பின் மேல் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்து எடுத்தேன். குழி விழுந்து, மெதுவாகத்தான் நிரம்பியது.

கையில் இருந்த பெரியவர்களுக்கான பட்டையைச் சுற்றிப் பிரஷர் பார்த்தபோது 128/84 காட்டியது. பட்டை கைக்குப் பெரிதாக இருந்தால் அளவு உண்மையைவிடக் குறைவாகத்தான் காட்டும். அந்தக் குறைந்த அளவே இந்த வயதுக்கு அதிகம். தாய் சேய் பிரிவிலிருந்து குழந்தைகளுக்கான பட்டையை எடுத்து வந்து, பையனைக் கொஞ்ச நேரம் அமைதியாக உட்கார வைத்து மறுபடி பார்த்தேன்: 148/98. ஏழு வயதில் மேல் அளவு 100ஐ ஒட்டி இருக்க வேண்டும். உடனே மருத்துவரை அழைத்தேன்.

ஒளி ஊடுருவும் குப்பியைக் கொடுத்துச் சிறுநீர் பிடித்து வரச் சொன்னோம். வெகுநேரம் கழித்துக் கொஞ்சமாகக் கொண்டுவந்தான். தங்கை சொன்ன நிறமேதான், ஆனால் கலங்கியிருந்தது. சிறுநீரில் நனைத்து நிறம் பார்க்கும் டிப்ஸ்டிக் பட்டையில் இரத்தம் 3+, புரதம் 2+. காய்ச்சல் இல்லை. எடை 24.4 கிலோ.

எடுத்த முடிவுகளும் காரணங்களும்

மருத்துவர் எங்களிடம் தன் யோசனையை வாய்விட்டே சொன்னார். சிறுநீர்ப் பாதைத் தொற்று என்றால் காய்ச்சலோ எரிச்சலோ இருக்க வேண்டும், முகம் வீங்காது, பிரஷர் ஏறாது. ஜி6பிடி குறைபாட்டில் இரத்த அணுக்கள் உடைந்தாலும் சிறுநீர் இந்த நிறத்தில் வரும், டிப்ஸ்டிக்கும் இரத்தம் என்றே காட்டும். ஆனால் பிள்ளை வெளிறிப்போய், கண் மஞ்சளாக இருப்பான். இவனுக்கு அது இல்லை, பிறப்புப் பதிவும் சரியாக இருந்தது. சிறுநீரில் புரதம் பெருமளவு கசியும் நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் என்றால் வீக்கம் இதைவிட அதிகமாக இருக்கும், சிறுநீர் நுரைக்கும், புரதம் 3+க்குக் குறையாது, இரத்தம் இவ்வளவு வராது.

மீதி இருந்தது ஒன்று. தோல் புண் வந்து மூன்று முதல் ஆறு வாரத்துக்குள், அல்லது தொண்டைப் புண் வந்து ஒன்று முதல் மூன்று வாரத்துக்குள் வரும் சிறுநீரக அழற்சி. புண்ணில் இருந்த ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமியை எதிர்த்து உடம்பு உண்டாக்கிய எதிர்ப்புப் பொருட்கள் சிறுநீரகத்தின் வடிகட்டிகளில் படிந்து அவற்றை வீங்க வைக்கின்றன. வடிகட்டி வழியே இரத்தம் கசிகிறது. வெளியேற வேண்டிய உப்பும் நீரும் உள்ளேயே தங்குகின்றன. வீக்கம், பிரஷர், தலைவலி எல்லாம் அந்த நீரால் வருபவை. குடிக்கக் கொடுத்த ஒவ்வொரு கோப்பையும் அதைக் கூட்டியிருக்கிறது. இளநீரில் பொட்டாசியம் அதிகம். சிறுநீரகம் வேலை செய்யாதபோது அதுவும் இரத்தத்தில் தேங்கும், அளவு மீறினால் இதயத் துடிப்பைக் கெடுக்கும்.

முதல் முடிவு, குடிப்பதை உடனே நிறுத்துவது. பாட்டியின் பையில் அப்போதும் ஒரு போத்தல் பார்லி தண்ணீர் இருந்தது.

இரண்டாவது, அன்றே மருத்துவமனைக்கு, அதுவும் ஆம்புலன்ஸில் அனுப்புவது. தலைவலி, வாந்தி, வெளிச்சத்துக்குக் கண் கூசுவது மூன்றும் உயர்ந்த பிரஷரோடு சேர்ந்திருக்கும்போது வலிப்பு எந்த நேரமும் வரலாம். நுரையீரலிலும் நீர் கோக்கலாம். அப்பா மோட்டார் சைக்கிளில் வைத்துக் கூட்டிப் போகிறேன் என்று தொலைபேசியில் சொன்னதற்கு மருத்துவர் சம்மதிக்கவில்லை.

மூன்றாவது, கிளம்புமுன் மாவட்ட மருத்துவமனையின் குழந்தை மருத்துவரோடு பேசி, நீரை இறக்கும் ஃபுரூசமைடைக் கொடுத்தது. பிரஷரை ஒரேயடியாக இறக்கினால் மூளைக்குப் போகும் இரத்தம் குறைந்துவிடும் என்பதால், மற்ற பிரஷர் மருந்துகளை வார்டில் கண்காணிப்போடு தொடங்கலாம் என்று முடிவானது.

இதையெல்லாம்விட நேரம் பிடித்தது பாட்டியைச் சம்மதிக்க வைத்ததுதான். "பிரஷர் எனக்குத்தானே மிஸி? ஏழு வயசுப் பிள்ளைக்கு எப்படி வரும்? மருமக வரட்டும், பேசிக்கலாம்." மருமகள் வர இரவாகும். அவர் கேட்டது நியாயமான கேள்வி, அதனால் பதிலும் முழுதாகச் சொன்னேன். "உங்களுக்கு வந்தது வேற பாட்டி. இவனுக்குக் கால் புண்ணுல இருந்த கிருமியால கிட்னி வீங்கிப்போச்சு. தண்ணி வெளிய போகாம உள்ளயே நிக்குது, அதான் முகம் வீங்குது, பிரஷர் ஏறுது. பெரும்பாலான பிள்ளைங்களுக்கு முழுசா சரியாயிடும். ஆனா இன்னைக்கு ராத்திரி வீட்டுல வச்சிருக்கக் கூடாது." அவர் பையன் காலில் இருந்த தழும்பைப் பார்த்தார், பிறகு அவன் முகத்தைப் பார்த்தார். "நான்தானே தண்ணி தண்ணின்னு குடுத்தேன்" என்றார். அதற்கு மேல் பேசாமல் பையைத் தூக்கிக்கொண்டு ஆம்புலன்ஸில் ஏறினார். அப்பா செம்பனைக் காட்டிலிருந்து நேராக மருத்துவமனைக்குப் போய்ச் சேர்ந்தார்.

வார்டில்

மருத்துவமனையிலிருந்து வந்த அறிக்கையையும் குடும்பம் சொன்னதையும் வைத்து இந்தப் பகுதியை எழுதுகிறேன்.

நுண்ணோக்கியில் சிறுநீரில் சிவப்பணுக்களும், அவை குழாய் வடிவில் உறைந்த துண்டுகளும் தெரிந்தன. இரத்தம் வடிகட்டியிலிருந்தே கசிகிறது என்பதற்கு அது சான்று. சிறுநீரகம் வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியேட்டினின் இரத்தத்தில் 96, இந்த வயதில் இருக்க வேண்டியதைப் போல இரு மடங்குக்கு மேல். பொட்டாசியம் 5.6, அதுவும் இயல்பைவிட அதிகம். சி3 என்ற நோய் எதிர்ப்புப் புரதம் மிகக் குறைந்திருந்தது. ஸ்ட்ரெப்டோகாக்கஸுக்கான ஏ.எஸ்.ஓ. பரிசோதனை அவ்வளவாக உயரவில்லை. தோல் புண்ணுக்குப் பிறகு வரும் நோயில் அது உயராமல் போவதுண்டு, அதை மட்டும் வைத்து நோய் இல்லை என்று சொல்லிவிட முடியாது. நெஞ்சு எக்ஸ்ரேயில் நுரையீரலில் கொஞ்சம் நீர்த் தேக்கம் இருந்தது.

முதல் 24 மணி நேரத்தில் அவனுக்குப் பிரிந்த சிறுநீர் 220 மில்லிலிட்டர்தான். ஃபுரூசமைடும் பிரஷருக்கு நிஃபெடிப்பினும் கொடுத்தார்கள். உப்பில்லாத சாப்பாடு. குடிக்கும் அளவை முந்தின நாள் பிரிந்த சிறுநீரை அளந்து, அதோடு வியர்வையிலும் மூச்சிலும் போவதற்குக் கொஞ்சம் சேர்த்து, கணக்கிட்டுக் கொடுத்தார்கள். பையனுக்குத் தாகம். அழுதான். பாட்டியால் அதைத் தாங்க முடியவில்லை. ஐஸ் கட்டி ஒன்றை வாயில் வைக்கக் கொடுத்து, அதையும் கணக்கில் எழுதிக்கொண்டார்கள். உடம்பில் மிச்சமிருக்கும் கிருமியை ஒழிக்கப் பென்சிலின் பத்து நாளுக்கு. சிறுநீரக வீக்கத்தை அது குறைக்காது, ஆனால் கிருமி வீட்டில் மற்றவர்களுக்குப் பரவாமல் தடுக்கும்.

வலிப்பு வரவில்லை. நான்காம் நாள் சிறுநீர் பெருகத் தொடங்கி ஒன்றரை லிட்டரைத் தொட்டது. பிரஷர் படிப்படியாக இறங்கியது. எட்டாம் நாள் வீட்டுக்கு அனுப்பியபோது எடை 21.8 கிலோ. அக்கம்பக்கத்தார் சதை என்று நினைத்த இரண்டரைக் கிலோவும் தண்ணீர்.

லயத்துக்குத் திரும்பிய பிறகு

அவன் வார்டில் இருந்தபோதே நாங்கள் லயத்துக்குப் போனோம். தங்கைக்கு விரல் இடுக்கில் சிரங்கு, தொடையில் இரண்டு சீழ்ப் புண். அவள் சிறுநீரையும் பிரஷரையும் பார்த்தோம், சரியாக இருந்தன. வீட்டில் ஐந்து பேருக்கும் ஒரே இரவில் சிரங்குக்கான பெர்மெத்ரின் மருந்தைப் பூசச் சொன்னோம். கழுத்திலிருந்து பாதம் வரை, நகக் கண்ணும் விடாமல். படுக்கை விரிப்பு, துண்டு, துணிகளை வெந்நீரில் துவைத்து வெயிலில் காய வைத்தார்கள். ஒருவருக்கு மட்டும் பூசினால் சிரங்கு அந்த வீட்டைச் சுற்றிக்கொண்டே இருக்கும். அதே வரிசையில் இன்னும் சில வீடுகளிலும் சிரங்கு இருந்தது. வெளிநாட்டுத் தொழிலாளர் வீட்டுப் பிள்ளைகளையும் சேர்த்துத்தான் பார்த்தோம். கிருமிக்குக் குடியுரிமை தெரியாது.

பையனுக்கு வாரா வாரம் எங்களிடம் பிரஷர், டிப்ஸ்டிக். பிரஷர் மருந்தை மூன்றாவது வாரம் நிறுத்திவிட்டார்கள். எட்டாவது வாரத்தில் சி3 இயல்புக்கு வந்தது. அது வராமல் இருந்திருந்தால் வேறு வகைச் சிறுநீரக நோயாக இருக்கலாம் என்று சிறுநீரகத்தில் ஊசி செலுத்தித் திசு எடுத்துப் பார்த்திருப்பார்கள்.

குடும்பத்தை அலைக்கழித்தது, டிப்ஸ்டிக்கில் மாதக் கணக்காக நின்ற இரத்தம் 1+. சிறுநீர் கண்ணுக்குத் தெளிவாக இருக்கும், பட்டையில் மட்டும் நிறம் மாறும். "இன்னும் கிட்னி கெட்டுப்போயிருக்கா மிஸி?" என்று அம்மா ஒவ்வொரு முறையும் கேட்பார். இந்த நோயில் அப்படிச் சில மாதங்கள், ஒரு வருடத்துக்கு மேலும்கூட இருக்கலாம். பிரஷரும் புரதமும் சரியாக இருக்கும்வரை பயப்பட வேண்டியதில்லை என்று ஒவ்வொரு முறையும் சொன்னோம். அடுத்த தைப்பூசம் வருமுன் அதுவும் மறைந்தது.

இனி மாற வேண்டியவை

இந்தப் பையனின் நோய் தெரியவந்தது பாட்டியின் மருந்து நாளில். அப்படித் தற்செயலை நம்பியிருக்கக் கூடாது. குழந்தைகளுக்கான பிரஷர் பட்டை இப்போது எங்கள் முன் மேசையிலேயே இருக்கிறது. முகம் வீங்கியோ, தலைவலியோடு வாந்தியோ வரும் எந்தப் பிள்ளைக்கும் பிரஷரும் டிப்ஸ்டிக்கும் பார்த்துவிட்டுத்தான் உள்ளே அனுப்புகிறோம். இரண்டுக்கும் சேர்த்துச் சில நிமிடம்தான் ஆகும். கூடவே கேட்கும் கேள்வி: போன ஆறு வாரத்தில் தொண்டை வலியோ தோலில் புண்ணோ வந்ததா? இன்றைக்குப் புண் இருக்கிறதா என்று மட்டும் கேட்டால் போதாது, அது ஆறிப்போயிருக்கும்.

டிப்ஸ்டிக்கில் இரத்தம் இல்லாமல் புரதம் மட்டும் 3+ என்று வந்தால் வழி வேறு. நெஃப்ரோட்டிக் சிண்ட்ரோம் இரண்டு முதல் ஆறு வயதுக்குள் அதிகம் வருகிறது, அதற்குப் பிரெட்னிசோலோன் என்ற ஸ்டீராய்டு மருந்து வேண்டும். அந்தப் பிள்ளைகளுக்குச் சளி பிடித்தாலே நோய் திரும்பலாம், அதனால் வீட்டிலேயே தினமும் சிறுநீர் பார்த்து எழுதி வைக்கப் பெற்றோரைப் பழக்குகிறோம். வீக்கமே இல்லாமல் வரும் சிறுநீரகக் கோளாறும் உண்டு: காரணம் தெரியாமல் திரும்பத் திரும்ப வரும் காய்ச்சல், முழுதாக நின்றுபோயிருந்த, படுக்கையில் சிறுநீர் கழிக்கும் பழக்கம் மறுபடி தொடங்குவது, வயதுக்கேற்ப வளராமல் நிற்பது. இவற்றுக்கும் முதல் படி ஒரு குப்பி சிறுநீர்தான்.

வீடுகளில் நாங்கள் இப்போது சொல்வது இது. பிள்ளையின் சிறுநீர் கருத்திருந்தால், ஒரு தெளிவான கிளாஸில் பிடித்து வெளிச்சத்தில் பாருங்கள். வெயிலில் விளையாடிவிட்டு வந்து அடர் மஞ்சளாக இருந்தால், தண்ணீர் குடித்ததும் தெளியும். தெளியாமல் பழுப்பாகவே வந்தால், அல்லது முகம் வீங்கியிருந்தால், பார்லியும் இளநீரும் வேண்டாம், அந்தச் சிறுநீரையே எடுத்துக்கொண்டு கிளினிக்குக்கு வாருங்கள். சூட்டுக்குக் குளிர்ச்சி கொடுக்கும் வழக்கத்தை நான் தவறென்று சொல்லவில்லை. முகம் வீங்கிய பிள்ளைக்கு மட்டும் அது பொருந்தாது.

பள்ளியிலும் பேசினோம். ஆசிரியைகளுக்கு ஒவ்வொரு பிள்ளையின் முகமும் தெரியும். ஒரு பிள்ளை திங்கட்கிழமை வேறு முகத்தோடு வந்தால் முதலில் கவனிப்பவர்கள் அவர்கள்தான். ஒருவர் கேட்டார், "குண்டாயிட்டான்னு நினைச்சு விட்டுடுவோமே, எப்படித் தெரியும்?" காலுறையைக் கழற்றிப் பாருங்கள், அதன் விளிம்பு ஆழமாகப் பதிந்திருக்கிறதா என்று செய்து காட்டினோம்.

பையன் இப்போது மூன்றாம் ஆண்டு. வருடத்துக்கு ஒரு முறை பிரஷரும் சிறுநீரும் பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள். அப்பா வேறு தோட்டத்துக்கு மாறும் யோசனையில் இருப்பதால், மருத்துவமனைச் சுருக்கத்தின் நகலை அவன் சுகாதாரப் புத்தகத்தின் உள்அட்டையில் ஒட்டிக் கொடுத்திருக்கிறோம்.